ஆயுத பூசைக்கு அணைத்த சர்வர்

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்பது சொந்தக்காரர்கள் யாருக்கும் புரிந்ததில்லை. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் கேட்டால் "மழைக் கணக்கு வச்சிருக்கேன்" என்பேன். "அப்ப, எப்பப் பெய்யும்?" என்று அடுத்த கேள்வி வரும். "பெஞ்ச பெறகு சொல்றேன்" என்பேன். சிரிப்பார்கள். பல வருடமாக எல்லாப் பந்தியிலும் இந்த ஒரே நகைச்சுவையை வைத்து ஓட்டிக்கொண்டிருந்தேன். பெய்த பிறகு சொல்வதற்கும் நான் லாயக்கில்லை என்பது போன வருடம் விசயதசமி அன்று காலையில்தான் தெரிந்தது.

எங்கள் அலுவலகம் காரைக்குடியில் ஒரு பழைய பெரிய வீட்டின் முன்பாதியில் வாடகைக்கு இருக்கிறது. அரியக்குடி, பள்ளத்தூரில் தொடங்கி காளையார்கோவில் வட்டாரம் வரை பள்ளிக்கூட மாடி, ஊராட்சி அலுவலக மாடி என்று கிடைத்த இடத்தில் எல்லாம் மழைமானி வைத்திருக்கிறோம். மேலே ஒரு புனல், அடியில் சீசா பலகை மாதிரி ஆடும் ஒரு சின்னக் கிண்ணம். கிண்ணம் நிறைந்தால் கவிழும், கவிழ்ந்தால் ஒரு எண்ணிக்கை. ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை அது எத்தனை தடவை கவிழ்ந்தது என்று ஒரு சிம் கார்டு வழியாக எங்களுக்குச் செய்தி வரும். வருவதை எல்லாம் வாங்கி அடுக்கி வைக்கிற சர்வரைப் பார்த்துக்கொள்வது நான். வீட்டுக்காரர்கள் ஒரு காலத்தில் அண்டா குண்டா அடுக்கி வைத்திருந்த ஜன்னல் இல்லாத அறையில் அது இருந்தது. சுவர் கனம் என்பதால் சித்திரையிலும் உள்ளே சில்லென்று இருக்கும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சர்வரை 'செக்' பண்ண நான் அடிக்கடி உள்ளே போனதற்கு அதுதான் காரணம்.

அந்த மழைமானிகளில் ஒன்று என் மனைவியின் ஊரில், பள்ளிக்கூட மாடியில் இருந்தது. காளையார்கோவிலில் இறங்கி, அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் போக வேண்டிய ஊர். அந்த மழைமானிக்குச் சம்பளம் இல்லாத காவல்காரர் என் மனைவியின் அண்ணன். புனலில் குருவி கூடு கட்டினால் ஏணி வைத்து ஏறி, கூட்டை அலுங்காமல் எடுத்துப் பக்கத்துக் கைப்பிடிச் சுவரில் வைத்துவிட்டு, எனக்குப் போன் போடுவார். "மாப்ளே, தொடச்சுவிட்டேன். இனி சரியா எண்ணும்."

அவருக்குச் சொந்தமாக ஒரு பொறுப்பு இருந்தது. ஊர்க் கண்மாயின் மடையைத் திறப்பதும் மூடுவதும், நிறைந்த தண்ணீர் வெளியே வழிகிற கலுங்கின் ஷட்டரை ஏற்றி இறக்குவதும் அவர் வேலை. அவருக்கு முன்னால் அவருடைய அப்பா. சம்பளம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் தண்ணீர் யார் வயலுக்கு எப்போது என்று ஊரே அவர் முகத்தைப் பார்க்கும். கரையில் இருக்கும் அய்யனாருக்குப் பொங்கல் வைக்கும்போது முதல் பானை அவர் வீட்டுப் பானையாக இருக்கும்.

அந்த விசயதசமிக்கு முந்தின வருடம் கார்த்திகையில் அந்தக் கண்மாய் உடைந்தது. காலையில் இருந்து தூறல். கண்மாய் முக்கால்வாசி நிறைந்திருந்தது. கடைசி வயல்காரர்கள் "தண்ணியக் கலுங்குல விட்றாதீக, எங்களுக்குப் பத்தாமப் போகும்" என்று கேட்டுக்கொண்டதால் அவர் ஷட்டரைத் திறக்கவில்லை. பொழுது சாயும் நேரத்தில் வானம் பிய்த்துக்கொண்டு கொட்டியது. அவர் சொல்வது இது: கொட்ட ஆரம்பித்ததும் ஓடினேன், ஷட்டரை ஏற்றிக்கொண்டே இருந்தேன், பாதி ஏறுவதற்குள் வடக்குப் பக்கம் கரை போய்விட்டது. ஊர் சொன்னது: காலையில் இருந்து மழை பெய்கிறது, வீட்டில் படுத்திருந்துவிட்டு உடைந்த பிறகு ஓடி வந்தார். அந்த மழையில் கண்மாய்க் கரைக்கு வேறு யாரும் வரவில்லை. அதனால் அவர் அங்கே இருந்ததைப் பார்த்தவர் யாரும் இல்லை.

கீழே இருந்த வயல் எல்லாம் மண்மேடானது. தண்ணீர் போனதால் மிச்சப் பயிர் தையில் கருகியது. அவரை யாரும் திட்டவில்லை, அதுதான் கொடுமை. டீக்கடை பெஞ்சில் அவர் உட்கார்ந்தால் மற்றவர்களுக்கு வேலை ஞாபகம் வந்துவிடும். அடுத்த பொங்கலுக்கு அவர் தன் பானையை அய்யனார் கோயிலுக்கு எடுத்துக்கொண்டு போகவே இல்லை. போய் யாரும் ஒதுங்கி வழிவிடாமல் நின்றால் என்ன செய்வது என்று என் மனைவியிடம் கேட்டாராம்.

ஆனால் எனக்குத் தெரியும். அன்று சாயங்காலம் நான் அலுவலகத்தில் இருந்தேன். திரையில் அந்த ஊர்க் கோடு காலையில் இருந்து தரையோடு தரையாகப் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று தென்னைமரம் மாதிரி நட்டமாக எழுந்தது. "யாரோ புனல்ல குடத்தைக் கவுத்துட்டாங்க போல" என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் ஜோக் அடித்தேன். அந்த ஜோக்கும் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

இனி அந்தக் கணக்கு இருந்த பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

முதலில் எங்கள் சர்வரில் சுழலும் ஹார்ட் டிஸ்க்குகள் இருந்தன. மாவு ஆட்டுகிற சத்தம். வெயில் காலத்தில் பிரச்சினை இல்லை. ஐப்பசி பிறந்து எல்லா ஊரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தால் திணறிப் போகும். ஒரு ஊரின் ஒரு மாத மழையைக் கேட்டுவிட்டு டீ குடிக்கப் போய், வடையும் சாப்பிட்டு, வடையின் தரம் பற்றி விவாதித்துவிட்டுத் திரும்பினாலும் அது இன்னும் தேடிக்கொண்டிருக்கும். அதனால் எஸ்.எஸ்.டி. போடலாம் என்று நான்தான் சொன்னேன். தட்டு கிடையாது, ஊசி கிடையாது, சுழல எதுவும் கிடையாது. முழுக்கச் சில்லு. பென்டிரைவுக்கு அண்ணன் மாதிரி.

இரண்டு வாங்க வேண்டும். ஒன்றில் எழுதுவதை அப்படியே இன்னொன்றிலும் எழுதி வைத்துக்கொள்ளும். ஒன்று போனாலும் மற்றது தாங்கும். இங்கேதான் என் பரம்பரை புத்தி வேலை செய்தது. எங்கள் வீட்டில் உழவு மாடு பிடிக்கப் போனால் ஜோடி ஒத்து வர வேண்டும். ஒரே உயரம், ஒரே நடை, பல்லைப் பிடித்துப் பார்த்தால் ஒரே வயசு. ஏறுமாறாக இருந்தால் நுகத்தடி சாயும் என்று அப்பா வாங்காமல் திரும்பி வருவார். அந்த அறிவை நான் மதுரைக் கம்ப்யூட்டர் கடைக்குக் கொண்டு போனேன். ஒரே கம்பெனி, ஒரே அட்டைப் பெட்டி, அடுத்தடுத்த நம்பர் உள்ளதாகக் கேட்டு வாங்கினேன். பல்லைப் பிடித்துப் பார்க்காத குறைதான். அதுவும் வீட்டுக் கம்ப்யூட்டருக்குப் போடுகிற சாதாரண ரகம். சர்வருக்கு என்று தனி ரகம் இருந்தது. விலையைப் பார்த்துவிட்டு, ஒரே வேலையைச் செய்கிறதுக்கு இதற்கு என்ன இவ்வளவு கிரீடம் என்று நினைத்தேன்.

மாட்டியதும் பறந்தது. கேள்வியைக் கேட்டு முடிக்கும் முன் பதில் வந்தது. டீக்கடைக்குப் போகக் காரணம் இல்லாமல் போனது ஒன்றுதான் நஷ்டம். சத்தமும் இல்லை. அந்த அறைக்குள் போனால் யாரும் இல்லாத வீட்டுக்குள் போன மாதிரி இருக்கும்.

சில்லில் எழுதுவதற்கு ஒரு விதி உண்டு என்பதைப் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். வாசலில் பெரிய கோலம் போட்டிருக்கிறோம், அதில் ஒரு புள்ளியை மட்டும் மாற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சில்லில் அந்தப் புள்ளியை மட்டும் அழிக்க முடியாது. கோலம் முழுவதையும் கழுவிவிட்டுத் திரும்பப் போட வேண்டும். வாசல் எத்தனை கழுவினாலும் தேயாது. சில்லு தேயும். வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு நாளைக்கு எத்தனை கோலம் போடப் போகிறார்கள்? எங்களுக்கோ ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு ஊரில் இருந்தும் ஒரு புள்ளி வந்தது. ஒரு சொட்டு மழை இல்லாத வைகாசியிலும் 'மழை இல்லை, மழை இல்லை' என்று எழுதி எழுதியே அது தேய்ந்திருக்கிறது. இரண்டும் ஒரே நாளில் பிறந்து, ஒரே புள்ளியை ஒரே நேரத்தில் எழுதியவை. ஒன்றுக்கு வந்த மூப்பு மற்றதுக்கும் வந்தது.

போன வருடம் எங்களுக்குப் புதிதாக ஒரு மேனேஜர் வந்தார். பஸ் டெப்போவில் இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல மனுசர், விடிந்தால் விபூதி. ஆயுத பூசைக்கு முந்தின நாள் எல்லாக் கம்ப்யூட்டரையும் துடைத்துச் சந்தனம் வைத்துக்கொண்டிருந்தோம். சர்வர் அறை வாசலில் வந்து நின்றார்.

"இது என்ன தம்பி, இது மட்டும் ஓடிக்கிட்டு இருக்கு?"

"இத எப்பவும் அணைக்கிறதில்ல சார். சும்மா பொட்டு மட்டும் வைப்போம்."

"ஓடுற பஸ்ஸுக்குப் பொட்டு வைப்பாகளா? வருசம் பூராம் ஒழைக்குது. ஒரு நா தூங்கட்டும்யா."

நான் யோசித்தேன். ஊர்களில் இருக்கிற மழைமானிகள் சில வாரத்துக் கணக்கைத் தங்களுக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். சர்வர் ஒரு நாள் தூங்கினாலும் மறுநாள் அனுப்பிவிடும். நஷ்டம் இல்லை. யு.பி.எஸ்., ஜெனரேட்டர் என்று தாங்கித் தாங்கி, மாட்டிய நாளில் இருந்து அதை நாங்கள் ஒரு தடவைகூட முழுசாக அணைத்ததில்லை. பாவம்தானே என்று எனக்கும் தோன்றியது. மறுநாள் காலையில் அணைத்தேன். விளக்குகள் ஒவ்வொன்றாக அவிந்தன. சந்தனப் பொட்டு, குங்குமம், கழுத்து மாதிரி இருந்த இடத்தில் ஒரு சாமந்திச் சரம். பார்க்க லட்சணமாக இருந்தது.

பூசை ஆரம்பிக்கும் நேரத்துக்கு மச்சான் வந்தார். தோளில் ஒரு சாக்குப் பை. உள்ளே பெரிய பூசணிக்காய்.

"வாங்க மச்சான். எப்பக் கெளம்புனீக? இதைப் போயி அம்புட்டுத் தூரம் தூக்கிட்டு வந்திருக்கீகளே."

"நம்ம கொல்லையில காச்சது மாப்ளே. கடையில வாங்கி எதுக்கு ஒடைக்கணும்? எங்குட்டு வைக்க?"

"அங்குட்டு ஓரமா வைங்க."

பூசை முடிந்து பொரிகடலைப் பொட்டலம் கையில் வந்த பிறகும் அவர் கிளம்பவில்லை. எல்லோரும் நகர்ந்த பிறகு சர்வர் அறை வாசலில் என்னைத் தனியாக நிறுத்தினார். அந்த மனிதர் எதையாவது கேட்பதற்கு முன் துண்டை எடுத்து மடிப்பார். மடித்தார்.

"மாப்ளே, ஐப்பசி பொறந்து மொத வெள்ளிக்கெழம கூட்டம் போட்ருக்காக. இந்த மழைக்குக் கம்மாய யாரு பாக்குறதுன்னு பேசி முடிக்கப் போறாக. அன்னைக்குப் பெஞ்ச மழைய அஞ்சஞ்சு நிமிசமாக் காட்டுமாமே உங்க மிசினு? காலையில தூறுனது தனி, சாயங்காலம் கொட்டுனது தனின்னு ஒரு பேப்பருல இருந்தாப் போதும். எனக்குப் பேச வராது. பேப்பரு பேசும்ல?"

"இதை ஏன் மச்சான் இம்புட்டு நாளாக் கேக்கல?"

"உங்க ஆபீசு சமாச்சாரம். கேக்கலாமா கூடாதான்னு தெரியல."

"இருங்க, இப்பவே எடுத்துத் தாரேன்" என்று உள்ளே நுழையப் போனேன். அவர் என் கையைப் பிடித்தார்.

"பூசையில இருக்கத எழுப்பக் கூடாது மாப்ளே. பொட்டு வச்சாச்சு. ஒரு வருசமாப் பொறுத்துட்டேன், ஒரு நாப் பொறுக்க மாட்டேனா? நாளைக்கு விசயதசமி, நல்ல நாளு. மொத வேலையா எடுங்க."

சர்வரைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் காலை மேனேஜர் கையில் எலுமிச்சம்பழத்தோடு தயாராக இருந்தார். "டெப்போவுல ஒரு வண்டியும் எலுமிச்சம்பழம் நசுக்காம வெளிய போனதில்ல தம்பி." சர்வர் வைத்திருந்த இரும்பு அலமாரிக்கு அடியில் சின்னச் சக்கரங்கள் உண்டு. ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு பழம். தள்ளினோம். பழம் நசுங்கவில்லை, அலமாரிதான் சாய்ந்தது. நாங்கள் ஆளுக்கு ஒரு பக்கம் கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்க, மேனேஜர் குனிந்து பழங்களைக் கையாலேயே நசுக்கி, "நசுங்கிருச்சு, நசுங்கிருச்சு" என்றார். எல்லோரும் சிரித்தோம். நான்தான் அதிகம் சிரித்தேன். அந்த அலுவலகத்தில் நான் கடைசியாக வாய்விட்டுச் சிரித்தது அதுதான் என்று நினைக்கிறேன்.

பட்டனை அமுக்கினேன். விசிறி சுற்றியது. விளக்கு எரிந்தது. என்னோடு வேலை பார்க்கிற தங்கச்சி ஒருத்தி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, டிஸ்க்கே இல்லைங்குது."

"ராத்திரி எந்திரிச்சு எங்க போயிருக்கும்? நல்லாப் பாரு."

நல்லாப் பார்த்தாள். கழற்றி மாட்டினோம். இடம் மாற்றி மாட்டினோம். வேறு கம்ப்யூட்டரில் மாட்டினோம். அங்கேயும் இல்லை. இரண்டு பெட்டியும் கையில் இருக்கிறது, எந்தக் கம்ப்யூட்டருக்கும் அது கண்ணில் தெரியவில்லை.

சுழலும் டிஸ்க் சாவதாக இருந்தால் சொல்லிக்கொண்டு சாகும். கடகடவென்று இருமும், பல நாள் இழுக்கும், நாமே மனதைத் தேற்றிக்கொண்டு புதுசு வாங்கிவிடுவோம். இது அப்படி இல்லை. இல்லை, இதுவும் சொல்லித்தான் இருக்கிறது. ஜோடியில் ஒன்று சில வாரம் முன்பே போய்விட்டது. மற்றதும் கடைசி மூச்சில் இருந்தது. ஓடிக்கொண்டிருந்த வரைக்கும் ஓடியது, அணைத்ததும் எழுந்திருக்கவில்லை. ஒன்று போனதும் சர்வர் எச்சரிக்கை மெயில் அனுப்பியிருக்கிறது. முன்பு எங்களோடு இருந்து பெங்களூருக்கு வேலைக்குப் போன ஒருத்தனின் அலுவலக முகவரிக்கு. அவன் போன நாளில் இருந்து அந்த மெயில் பெட்டியை யாரும் திறக்கவில்லை. அதற்குள் வரிசையாக ஒரே செய்தி. ஒன்று போய்விட்டது, ஒன்று போய்விட்டது, ஒன்று போய்விட்டது.

வேறு இடத்தில் நகல் இல்லையா என்று மேனேஜர் கேட்டார். அதுதான் ஜோடியாகப் போட்டிருக்கிறோமே சார் என்று வாய் வரை வந்த பதிலை விழுங்கினேன்.

பழைய ஹார்ட் டிஸ்க்குகள் மேசை டிராயரில் கிடந்தன. ஒரு நப்பாசையில் மாட்டினேன். மாவு ஆட்டுகிற சத்தத்தோடு இரண்டும் எழுந்தன. அவற்றைக் கழற்றிய நாள் வரைக்கும் பெய்த எல்லா மழையும் ஒரு சொட்டு சிந்தாமல் இருந்தது. கண்மாய் உடைந்தது அதற்கு வெகு காலம் பிறகு. பள்ளிக்கூட மாடி மழைமானியின் சொந்த ஞாபகமும் சில வாரம்தான். அந்தக் கார்த்திகை மேல் எத்தனையோ தடவை புதுசு எழுதியாகிவிட்டது.

செத்த டிஸ்க்கில் இருந்து கணக்கை மீட்டுத் தருகிற மதுரைக் கடை ஒன்றுக்கு அந்த எஸ்.எஸ்.டி. இரண்டையும் கொண்டு போனேன். அங்கே இருந்தவர் ஒரு வாரம் வைத்திருந்துவிட்டுக் கூப்பிட்டார்.

"சுத்துற டிஸ்க்குன்னா தட்டைக் கழட்டி வேற ஒடம்புல மாட்டிப் பார்ப்போம் சார். இது எழுதும்போதே பூட்டிப் பூட்டி எழுதும். சாவி, எல்லாத்தையும் நடத்துற மண்டைச் சில்லுக்கிட்ட இருக்கும். உங்களுக்கு ரெண்டுலயும் மண்டைதான் போயிருக்கு."

"ரெண்டுல ஒண்ணாவது?"

"ஒரே மாதிரி போயிருக்கு சார். அச்சு அசலு."

அன்று சாயங்காலம் வீட்டில் சொன்னேன். என் மனைவி குக்கரை இறக்கிவிட்டு, அடுப்பை அணைத்துவிட்டுக் கேட்டாள்.

"எங்க அண்ணன் இது வரைக்கும் யார்கிட்டயும் ஒண்ணு வேணும்னு கேட்டதில்ல. தெரியும்ல?"

"தெரியும்."

"அந்த ரெண்டையும் நீங்கதான போய் வாங்குனீக?"

நான் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைப்பேன் என்று நானே எதிர்பார்த்தேன். எழுந்து தட்டுகளை எடுத்து வைத்தேன்.

மச்சானுக்குப் போன் போட்டேன். கோலம், சில்லு, மண்டை எல்லாம் சொன்னேன். முழுசாகக் கேட்டார். "அதுக்கும் ஆயுசு முடிஞ்சிருச்சாக்கும்" என்றார். பிறகு, "நானும் சேந்துதான மாப்ளே எழுப்ப வேணாம்னேன்" என்றார். அவர் வந்து நின்றபோதே அது செத்திருந்தது என்று எவ்வளவு சொல்லியும் அவர் கேட்டுக்கொள்ளவில்லை. கடைசியில், "நீங்க அன்னைக்குக் கண்ணால பாத்தீகல்ல? கூட்டத்துல வந்து பாத்ததைச் சொல்லுங்க. அது போதும்" என்றார்.

போனேன். கூட்டம் அதே பள்ளிக்கூடத்து மைதானத்தில். தலைக்கு மேலே மாடியில் எங்கள் மழைமானி வெள்ளையாகக் குத்தவைத்திருந்தது. ஊர்ப் பெரியவர் ஒருவர் எனக்கு நாற்காலி போடச் சொன்னார். பெண் எடுத்த ஊர் என்பதால் எல்லோருக்கும் நான் மாப்பிள்ளைதான். எழுந்து சொன்னேன். காலையில் வெறும் தூறல், சாயங்காலம் கொஞ்ச நேரத்துக்குள் மொத்தமும் கொட்டியது, எந்த மனுசனும் அதற்குள் ஷட்டரை ஏற்றியிருக்க முடியாது, திரையில் பார்த்தேன் என்றேன்.

"யாரு பாத்தது?" என்றார் பெரியவர்.

"நான்தான்."

"நீங்க யாரு?"

"மழைக் கணக்கு ஆபீசுல..."

"அது காரைக்குடியில. இங்க யாரு?"

"அவுகளுக்கு மச்சான்."

கூட்டம் சிரித்தது. கெட்ட சிரிப்பு இல்லை. பந்தியில் என் ஜோக்குக்குச் சிரிக்கிற அதே சிரிப்பு. "தப்பா எடுத்துக்கிடாதீக மாப்ளே. நீங்க பொய் சொல்றீகன்னு சொல்லல. வேற மாதிரி சொல்லவா போறீகன்னு கேக்கறோம்" என்றார் பெரியவர். அது நியாயமாகவே இருந்தது.

"மிசினு சொன்னா ஒத்துக்கிடுறோம்யா. அதுக்கு மாமன் மச்சான் கெடையாது" என்றார் பின்னால் இருந்து ஒருவர்.

நான் செய்யக் கூடாத ஒன்றைச் செய்தேன். சட்டைப் பையில் இருந்து அந்த இரண்டு பெட்டியையும் எடுத்துக் காட்டினேன். இதற்குள்தான் இருந்தது, இது செத்துப்போச்சு என்றேன். வாங்கிப் பார்த்தார்கள். கை மாறிக் கை மாறிப் போனது. "பொடி டப்பா கணக்கா இருக்கு. இதுக்குள்ளயா நம்மூரு மழை?" என்றார் ஒருவர். இன்னொருவர் காதுக்குப் பக்கத்தில் வைத்து ஆட்டிப் பார்த்தார். "ஒரு சத்தத்தையும் காணமேய்யா."

அதற்குள் ஒருவர் போனில் தேடி எங்கள் அலுவலகத்து இணையப் பக்கத்தைப் பிடித்துவிட்டார். அதில் தினசரி மொத்த மழை மட்டும் இருக்கும். அது வேறு இடத்தில் கிடப்பதால் தப்பித்திருந்தது. "இந்தா இருக்குய்யா அன்னைக்கு மழை" என்று சத்தமாக வாசித்தார். அளவை வாசித்தார். கீழே இருந்ததையும் வாசித்தார். "கடந்த இருபத்துநான்கு மணி நேரத்தில் பதிவானது."

"கேட்டீகளா? இருவத்துநாலு மணி நேரம். ஒரு நா பூராம் பெஞ்சிருக்கு. ஒரு ஷட்டரத் தெறக்க நேரமில்லையாக்கும்?"

மழை அளவை எல்லா இடத்திலும் அப்படித்தான் ஒரு நாள் கணக்காகப் போடுவார்கள், பூராவும் பெய்தது என்று அர்த்தம் இல்லை என்று நான் எழுந்து சொன்னேன். யாரும் காதில் வாங்கவில்லை. அந்த வரியை அந்தப் பக்கத்தில் தட்டச்சு செய்தவன் நான்.

முடிவை மரியாதையாகத்தான் சொன்னார்கள். அவருக்கும் வயசாகிறது, இந்த மழைக்கு வேறு ஒருவர் பார்க்கட்டும் என்று. மச்சான் எழுந்து வீட்டுக்குப் போனார். திரும்பி வரும்போது ஷட்டரைச் சுற்றுகிற இரும்புக் கைப்பிடி கையில் இருந்தது. எண்ணெய் போட்டுத் துடைத்த பளபளப்பு. அதன் வளைவில் சந்தனமும் குங்குமமும் காய்ந்து ஒட்டியிருந்தது. ஆயுத பூசைக்கு அவரும் அதற்குப் பொட்டு வைத்திருக்கிறார். பெரியவர் முன்னால் அதைக் கீழே வைத்துவிட்டு, துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, என்னிடம் வந்து, "சாப்பிட்டுத்தான் போகணும் மாப்ளே. கொழம்பு வச்சிருக்கு" என்றார்.

இப்போது எங்கள் சர்வரில் வேறு வேறு கம்பெனி டிஸ்க். சர்வருக்கு என்றே செய்த ரகம். தனியாக நகல்கள் உண்டு. எச்சரிக்கை வந்தால் என் போன் கத்தும். எல்லாம் சரியாக இருக்கிறது. தேய்மானம் எவ்வளவு என்று தினமும் காலையில் பார்க்கிறேன். அந்த அறைக்குள் மத்தியானத் தூக்கம் வருவதில்லை.

போன கார்த்திகையில் ஒரு நாள் மத்தியானம் அந்த ஊர்க் கோடு மறுபடியும் எழுந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மச்சானிடம் இருந்து போன்.

"மாப்ளே, இங்க எம்புட்டுப் பெஞ்சிருக்கு?"

"உங்க கூரை மேலதான மச்சான் பெய்யுது? எனக்கே போன்ல கேக்குதே."

"பெய்யுது. நீங்க சொல்லுங்க."

சொன்னேன்.

"எழுதி வச்சிருக்கா?"

"வச்சிருக்கு மச்சான். மூணு எடத்துல."

"நல்லது. பாவம், இப்பப் பாக்குறவருக்காச்சும் ஆகும்." வாசலுக்கு வந்துவிட்டார் போல, போனில் மழைச் சத்தம் கூடியது. "கலுங்குப் பக்கம் இன்னும் ஆளக் காணம். இப்பத் தெறந்தாத் தேவல."

"போயிச் சொல்லுங்க மச்சான். ஒரு வார்த்த சொன்னா என்ன?"

"போயி?" என்றார். "யாருன்னு சொல்ல?"

அவர் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. திரையில் அடுத்த ஐந்து நிமிடக் கணக்கு வந்து விழுந்தது. வாசித்தேன். "ம்" என்றார். அடுத்தது வந்தது. அதையும் வாசித்தேன்.